வெளிச்சம் வந்த இரவில் நாம் சொன்ன சொல்

  

இம்மாதம் தொழுகையின் ஷர்த்துகளைப் பற்றித் தொடர்ந்து எழுதுவதாக இருந்தேன். அதை அடுத்த இதழுக்கு ஒத்திவைக்கிறேன். எனக்கு ஒரு கடன் இருக்கிறது. மிம்பரில் நின்று பலர் காதில் போட்ட ஒரு சொல்லை, பலர் அறியவே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டிய கடன் அது. ஜமாஅத்தின் முன்னிலையில் வாங்கிக்கொண்டு விட்டேன். ஆனாலும் அந்தச் சொல் ஊரைத் தாண்டிப் போயிருக்கிறது. எனவே இங்கேயும் எழுதுகிறேன்.

2024-ஆம் ஆண்டு, ஷஃபான் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராஜபாளையத்தில் மஃரிப் தொழுது, ஸுன்னத்தும் அவ்வாபீனும் முடித்தவர்கள் ஒவ்வொருவராகப் பள்ளிவாசல் படியிறங்கிக் கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் மேற்கே பார்த்தால் மலைதான். அன்று அந்த மலைமுகட்டுக்கு மேல், வடமேற்கு மூலையில், ஒரு வெளிச்சம் எழும்பியது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. தஸ்பீஹ் மணியைக் கோத்து இழுத்தாற்போல இருபதுக்கு மேற்பட்ட வெளிச்சங்கள் ஒரே கோட்டில், ஒரே வேகத்தில், சத்தமில்லாமல் எங்கள் தலைக்கு மேலாகப் போயின. தென்கிழக்கே பாதி வானம் போனதும் முதல் வெளிச்சம் அணைந்தது. மேகம் இல்லை, மறைப்பு ஏதும் இல்லை. அதே இடத்துக்கு வந்ததும் இரண்டாவது அணைந்தது, பிறகு மூன்றாவது. கடைசி வெளிச்சமும் அங்கே வந்து அணைந்த பிறகு வானம் பழையபடி இருந்தது.

விளக்கம் சொல்ல நம்மிடம் ஆளுக்குப் பஞ்சமா? "சிவகாசிக்காரன் புது வெடி விட்டுப் பாக்கான்" என்றார் ஒருவர். மலையில் தீ என்றார் இன்னொருவர். கோடையில் இரவு நேரம் மலைச்சரிவில் காட்டுத்தீ கோடு போட்டாற்போலத் தெரிவது எங்களுக்குப் பழக்கந்தான். ஆனால் தீ தலைக்கு மேலே நடந்து வராது. மகேந்திரகிரியில் ராக்கெட் விட்டார்கள் என்றார் ஒரு பட்டதாரி. அங்கே எஞ்சினைச் சோதிப்பார்களே தவிர, ராக்கெட் ஏவுவதில்லை. விஜயநாராயணத்துக் கடற்படை நிலையம், ட்ரோன், சீனாக்காரன் என்று இஷா வரை ஒவ்வொன்றாக வந்தது. எங்கள் மோதினார் மட்டும், "மலக்குமாரு வரிசையாப் போறாங்க" என்று சொல்லிவிட்டுப் பாங்கு சொல்லப் போனார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை.

அதே நேரத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு மணப்பெண் வந்து இறங்கினாள். அன்று பகலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிக்காஹ். மாலையில் பெண்ணை அழைத்துக்கொண்டு வேன் மதுரை ரோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்து தெருமுனையில் நின்றபோது, வரவேற்க நின்றவர்கள் எல்லோரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். பெண் இறங்கியதை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. ஆனால் அவள் எப்போது இறங்கினாள் என்பதைப் பின்னால் எல்லோரும் நினைவு வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஐந்து நாட்களாக வாட்ஸ்அப்பில் அந்த வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. "ஹஜரத், இன்னைக்கு பயான்ல அதப் பத்திச் சொல்லுங்க" என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? இது வானத்திலிருந்து வந்த எச்சரிக்கை, இந்த ஊருக்கு ஏதோ ஒரு சோதனை நெருங்கிவிட்டது, தவ்பாச் செய்யுங்கள் என்று சொன்னேன். தவ்பாச் செய்யச் சொன்னதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன் சொன்ன இரண்டையும் எனக்கு யார் அறிவித்தது? எந்த ஆயத்து? எந்த ஹதீது? ஏழாண்டுகள் மதரஸாவில் ஓதியவன், மிம்பரில் நின்று "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வாய் வரவில்லை. அதுதான் உண்மை. சபை நிறைந்திருந்தது. பயானை மக்கள் மெச்சினார்கள்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணின் மாமனார் மௌத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். நல்ல மனிதர், பஜ்ருத் தொழுகைக்கு முதல் வரிசையில் நிற்பவர். ஊர் உடனே கணக்குப் போட்டது. வெளிச்சம் வந்தது, பெண் வந்தாள், சோதனை வருகிறது என்று ஹஜரத் சொன்னார், வந்துவிட்டது. மூன்றாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும், "கொஞ்ச நாள் ஒங்க வீட்ல இருந்துட்டு வா" என்று பெண்ணை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள். எப்போது அழைத்துவருவது என்று யாரும் பேசவில்லை.

ஒரு வாரங்கழித்து அவளுடைய அத்தா என்னைத் தேடி வந்தார். தையற்கடை வைத்திருப்பவர். பஸ்ஸில் வந்து இறங்கி, ஹவுளில் ஒளுச் செய்து, ளுஹர் தொழுது, எல்லோரும் போகும்வரை காத்திருந்து என் அருகில் வந்து உட்கார்ந்தார். சண்டைபோட வந்தவரைப்போல இல்லை.

"ஹஜரத், ஒண்ணு கேக்கணும். எம் மக கால் ராசியில்லாதவளா?"

"அஸ்தஃபிருல்லாஹ்! யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க. நீங்க மிம்பர்ல சொன்னதத்தானே சொல்றாங்க?"

நான் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று மறுக்கலாம். சொல்லவில்லைதான். ஆனால் முடிச்சுப் போடுவதற்குக் கயிற்றைக் கொடுத்தவன் நான். அவருக்குப் பதில் சொல்ல முடியாமல், "நாளைக்கு நான் அங்கே வர்றேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அன்று இரவு கிதாபுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்பே எடுத்திருக்க வேண்டியவை அவை.

ஸஹீஹ் முஸ்லிமில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஒரு ஹதீது வருகிறது. ஓர் இரவு அன்ஸாரித் தோழர்கள் சிலர் நாயகம் (ஸல்) அவர்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வானத்தில் ஒரு நட்சத்திரம் எறியப்பட்டு வெளிச்சம் வீசுகிறது. பெருமானார் அவர்கள் தோழர்களைப் பார்த்து, அறியாமைக் காலத்தில் இப்படிக் கண்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று வினவுகிறார்கள். அல்லாஹ்வும் ரஸூலுமே நன்கறிந்தவர்கள் என்று முதலில் கூறிவிட்டு, இன்றிரவு ஒரு பெரிய மனிதர் பிறந்தார் அல்லது ஒரு பெரிய மனிதர் இறந்தார் என்று சொல்வோம் என்கிறார்கள் தோழர்கள். யாருடைய இறப்புக்காகவும் யாருடைய பிறப்புக்காகவும் அது எறியப்படுவதில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்துகிறார்கள். பிறகு, வானத்துச் செய்தியில் ஒரு சொல்லை ஜின்கள் திருட்டுத்தனமாகக் கேட்டு வந்து அதோடு பொய்யைக் கூட்டுவதையும் விவரிக்கிறார்கள். ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பில், அந்த ஒரு சொல்லோடு நூற்றுக்கு மேற்பட்ட பொய்கள் கலக்கப்படுவதாக வருகிறது. ஓர் உண்மை, நூறு பொய்! எங்கள் தெருவில் அந்த ஐந்து நாட்களும் ஓடிய செய்திகளின் விகிதாச்சாரமும் ஏறத்தாழ இதுதான்.

இந்த ஹதீதை நான் ஓதாதவனா? ஓதியிருக்கிறேன், பரீட்சையும் எழுதியிருக்கிறேன். ஆனால் இரவில் ஒரு வெளிச்சத்தைக் கண்டதும் என் வாயில் வந்தது அறியாமைக் காலத்துப் பேச்சாக இருந்தது.

இன்னொரு சம்பவத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நாயகம் (ஸல்) அவர்களின் அருமைப் புதல்வர் இப்ராஹீம் (ரலி) ஒன்றரை வயதளவில் இறந்தார்கள். அன்றே சூரியனைக் கிரகணம் பிடித்தது. கி.பி. 632 ஜனவரி 27-ஆம் தேதி மதீனாவில் தெரிந்த கிரகணம் அதுவென்று வானவியல் கணக்கர்கள் குறிக்கிறார்கள். இப்ராஹீமின் மரணத்துக்காகச் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். மகனை மண்ணில் வைத்துக் கண்ணீர் வடித்த தந்தை அவர்கள். அந்தப் பேச்சை மறுக்காமல் மௌனமாக இருந்திருந்தாலே போதும், மதீனாவுக்கு வெளியே இன்னும் ஈமான் கொள்ளாத எத்தனையோ பேர் அதைக் கேட்டு வியந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் நீண்ட தொழுகை நடத்தி முடித்து, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் இரண்டு, எவருடைய சாவுக்காகவும் வாழ்வுக்காகவும் அவற்றைக் கிரகணம் பிடிப்பதில்லை என்று மக்கள் முன் அறிவித்தார்கள். தமக்குப் புகழ் சேர்க்கும் பொய்யைக்கூட அவர்கள் நிற்க விடவில்லை. நானோ ஒரு வெள்ளிக்கிழமை மெச்சுதலுக்காக...

இருந்தும் நம்மவர்கள் அதை மறந்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 289, அதாவது கி.பி. 902-இல் வட ஆப்பிரிக்காவை ஆண்ட அக்லபிய அமீர் இரண்டாம் இப்ராஹீம் இத்தாலியில் ஒரு கோட்டையை முற்றுகையிட்டிருந்த காலத்தில் இறந்தார். அந்தப் பருவத்தில் வானத்திலிருந்து நட்சத்திரங்கள் மழைபோலச் சிதறின. வரலாறு எழுதியவர்கள் இரண்டையும் ஒன்றாக முடிந்துவிட்டார்கள். அந்த ஆண்டுக்கு நட்சத்திர ஆண்டு என்றே பெயர் வந்தது. ஏறத்தாழ 33 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனை நெருங்கி வருகிற ஒரு வால்நட்சத்திரம் விட்டுச்சென்ற தூசியின் வழியே பூமி புகுந்து போகையில் பெய்யும் எரிமழை அது. எந்த அமீர் இருந்தாலும் இறந்தாலும் அது வந்துகொண்டுதான் இருக்கிறது.

இதற்கு மாறாக ஒருவரைச் சொல்ல வேண்டும். பாதி மாறாக என்பதுதான் சரி. ஹிஜ்ரி 396, கி.பி. 1006-இல் எகிப்தில் அலீ இப்னு ரிள்வான் என்ற இளைஞர் மருத்துவம் ஓதிக்கொண்டிருந்தார். அவ்வாண்டு வானத்தில், அதுவரை ஒன்றுமில்லாத ஓரிடத்தில், பெரிய வெளிச்சம் ஒன்று தோன்றியது. விருச்சிக ராசியில் எத்தனையாவது பாகை, வெள்ளி கிரகத்தைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு பருமன், நிலவொளியில் கால்பங்குக்குச் சற்று மேலான ஒளி என்று அவர் எழுதிவைத்தார். அதோடு, அதனால்தான் போரும் பஞ்சமும் வந்தன என்றும் எழுதிவைத்தார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 1965-இல், ரேடியோ தொலைநோக்கி கொண்டு அதே வானப்பகுதியில் வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சத்தை அடையாளம் கண்டார்கள். அவர் கண்டு எழுதியது இன்றும் ஆராய்ச்சிக்காரர்களுக்கு உதவுகிறது. காரணம் என்று அவர் எழுதியதை யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் ஓர் அறியாத வெளிச்சத்தைக் கண்டால் முஸ்லிமானவன் என்ன செய்ய வேண்டும்? இதற்கு நம் ஃபிக்ஹ் நூல்களில் நேரடியாகவே இடம் இருக்கிறது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். நம் ஹனபி மத்ஹபின் துர்ருல் முக்தாரில் கிரகணத் தொழுகையைச் சொல்லும் பாடத்தில், கடுங்காற்று, பகலில் கடும் இருட்டு, இரவில் கடும் வெளிச்சம், மிகைத்த அச்சம் ஆகியவை ஏற்படும்போது மக்கள் தனித்தனியாகத் தொழுது கொள்ளலாம் என்று வருகிறது. இரவில் வெளிச்சம்! அந்தப் பெரியோர் தொழச் சொன்னார்கள், துஆக் கேட்கச் சொன்னார்கள். அந்த வெளிச்சம் யாருக்காக வந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. அறிவில்லாத ஒன்றின் பின்னே போகாதீர் என்றும், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்றும் பனீ இஸ்ராயீல் சூராவில் அல்லாஹ் எச்சரித்திருப்பதையும் நாம் ஓதத்தான் செய்கிறோம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் ஒரு சபையில் கேட்கப்பட்ட 48 கேள்விகளில் 32-க்குத் தெரியாது என்றே பதிலளித்ததாக வரலாறு. அவர்கள் மதீனாவின் இமாம். நான் ஒரு தெருவின் இமாம்.

தொழுதுவிட்டு விசாரிக்கவும் வேண்டும். ஓர் இரவு மதீனாவாசிகள் ஏதோ சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு வெளியே ஓடிவந்தார்கள். எதிரே நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள். அபூதல்ஹா (ரலி) அவர்களின் சேணமில்லாத குதிரையில் ஏறி, கழுத்தில் வாளோடு, எல்லோருக்கும் முந்தித் தன்னந்தனியாகச் சத்தம் வந்த திசைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அஞ்ச வேண்டாம் என்று மக்களுக்கு ஆறுதல் கூறினார்கள். போய்ப் பார்த்த பிறகுதான் அந்த ஆறுதலைச் சொன்னார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அந்தப் பெண்ணின் அத்தாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, ஜமாஅத் பெரியவர்களைக் கூட்டினேன். ஒருவர் கிதாபோடு வந்தார். பெண், வீடு, குதிரை மூன்றிலும் சகுனம் உண்டென்று ஹதீது இருக்கிறதே, ஹஜரத் என்ன சொல்கிறீர் என்றார். நியாயமான கேள்விதான். சகுனம் என்ற ஒன்று எதிலாவது இருக்குமானால் அவற்றில் இருக்கும் என்று, "இருக்குமானால்" என்ற நிபந்தனையோடு புகாரியில் வருவதையும், சகுனமே இல்லை என்ற பொதுவான ஹதீதையும் எடுத்துக் காட்டினேன். இந்த மூன்றைப் பற்றிய செய்தியைக் கேட்டு ஆயிஷா (ரலி) அவர்கள் கடுங்கோபம் கொண்டதாகவும், அறியாமைக் காலத்து மக்கள் அப்படிச் சொல்லி வந்தார்கள் என்பதைத்தான் பெருமானார் எடுத்துரைத்தார்கள் என விளக்கியதாகவும் முஸ்னத் அஹ்மதில் இருப்பதைப் படித்துக் காட்டினேன். இமாம்கள் இதற்குப் பலவாறு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். ஆனால் புதிதாக மணமான ஒரு பெண்ணை, மாமனாரின் மாரடைப்புக்காக வீட்டுக்கு அனுப்பலாம் என்று எந்த இமாமும் எழுதவில்லை.

அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த, எழுபது தாண்டிய பெரியவர் ஒருவர் வாய் திறந்தார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"நான் சின்னப் புள்ளையா இருக்கையில ஒண்ணு பாத்தேன் ஹஜரத். மஃரிப் முடிஞ்ச நேரம். தென்மேக்க மலைக்கு மேல ஆரஞ்சுப் பழக் கலர்ல ஒரு மேகம் எரிஞ்சுக்கிட்டு நின்னுச்சு. ரெண்டு நாள் கழிச்சு ரேடியோவுல கென்னடிய சுட்டுட்டாங்கன்னு சொன்னான். அதுக்குத்தான் வானம் அப்படிச் செவந்துச்சுன்னு எங்க நன்னா சொன்னாரு. இத்தன வருசமா நானும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டிருக்கேன்."

கென்னடி என்றதும் தேதியைத் தேடிப் பார்த்தோம். 1963 நவம்பர் 21, வியாழக்கிழமை. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்ற மீனவர் கிராமத்திலிருந்து, பொழுது சாய்ந்த வேளையில் இந்தியாவின் முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அமெரிக்கா கொடுத்த ராக்கெட், பிரான்ஸ் கொடுத்த கருவி. மேலே போனதும் அது சோடியம் ஆவியைப் பரப்பியது. தரையில் இருட்டிவிட்டாலும் நூறு கிலோமீட்டருக்கு மேலே வெயில் இருக்கும். அந்த வெயில் பட்டு ஆவி ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அந்த மேகம் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று படம் பிடித்து, அவ்வளவு உயரத்தில் வீசும் காற்றைக் கணக்கிடுவது அவர்கள் நோக்கம். தும்பா எங்களூரிலிருந்து நேர்கோட்டில் 130 கிலோமீட்டருக்குள்தான், தென்மேற்கே, மலைக்கு அந்தப் பக்கம்.

அந்த ராக்கெட்டைப் பூட்டி இணைக்கும் பொறுப்பிலும் பாதுகாப்புப் பொறுப்பிலும் இருந்தவர் யார்? ராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில் ஜைனுலாபிதீன் மரைக்காயருக்குப் பிறந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள். அன்று அவருக்கு 32 வயது, ஏறக்குறைய எனக்கு இப்போதுள்ள வயது. ஏவுதளத்தில் ராக்கெட்டைத் தூக்கும்போது பாரந்தூக்கியில் எண்ணெய் ஒழுகி அது வேலை செய்யாமல் போக, எல்லோருமாகச் சேர்ந்து கைப்பலத்தாலேயே நிறுத்தியதை அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அப்படி நம் சமுதாயத்துப் பிள்ளை ஒருவரும் கைகொடுத்துத் தூக்கிவிட்ட வெளிச்சத்தை, மலைக்கு இந்தப் பக்கம் நம் சமுதாயத்துப் பெரியவர் ஒருவர் கென்னடிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்! கென்னடி சுடப்பட்டது மறுநாள். அதே 22-ஆம் தேதி காஷ்மீரத்தில் பூஞ்ச் அருகே ஹெலிகாப்டர் விழுந்து நம் படையின் உயர் அதிகாரிகளும் இறந்தார்கள். சகுனக்காரருக்கு ஆள் கிடைக்காமல் போகிற நாளே இல்லை.

பெரியவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப நன்னா தெரியாமத்தான் சொல்லியிருக்காரு" என்றார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எங்கள் வெளிச்சத்துக்கு விடை சொன்னவன் ஒரு கல்லூரி மாணவன். தராவீஹுக்கு மட்டும் கண்ணில் படுகிற தம்பி. அவை ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் என்றான். ஸ்பேஸ் எக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி இன்டர்நெட்டுக்காக விடுகிறவை. 2019 மே மாதம் முதல் தடவையிலேயே 60 விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கூட்டாக விடுவதால் முதல் சில நாட்கள் ஒரே வரிசையில் போகின்றன, பிறகு விலகி 550 கிலோமீட்டர் அளவு உயரத்துக்கு ஏறிப் பிரிந்துவிடுகின்றன. "அப்போ ஏன் ஒரே எடத்துல அணைஞ்சது?" என்று மோதினார் மடக்கினார். அவன் பள்ளிவாசல் குழல்விளக்கின் நிழலைக் காட்டி விளக்கினான். அவற்றுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை. நமக்கு மறைந்துவிட்ட சூரியனின் ஒளி அவ்வளவு உயரத்தில் இன்னும் பட்டுக்கொண்டிருக்கிறது. பூமியின் நிழலுக்குள் நுழைகிற இடம் வந்ததும் ஒவ்வொன்றாக இருண்டுவிடுகிறது. தும்பாவின் ஆவிக்கும் இதே வெயில்தான்.

நான் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஒருமுறை அவசரப்பட்டுச் சூடு கண்டவன். அவன் போனில் கணக்கைக் காட்டினான். அந்த ஞாயிறு, அந்த நேரம், வடமேற்கிலிருந்து தென்கிழக்கு, எல்லாம் இருந்தது. "இதவிட வேற என்ன வேணும்? நாளைக்கு வேற ஒரு செட்டு வருது ஹஜரத். ஏழு மணி எட்டு நிமிசத்துக்கு. வாங்க பாப்போம்" என்றான். மறுநாள் வியாழக்கிழமை, மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசல் மொட்டை மாடியில் முப்பது பேர் நின்றோம். ஏழு எட்டுக்கு மலைக்கு மேலே முதல் மணி எழும்பியது. மோதினார் "ஸுப்ஹானல்லாஹ்" என்றார். மனிதன் செய்ததைப் பார்த்தும் ஸுப்ஹானல்லாஹ் சொல்லலாம், அவன் கணக்குப் போடுவதற்குச் சூரியனையும் நிழலையும் ஒழுங்காக நடத்துகிறவன் அல்லாஹ் அல்லவா!

இரவே அந்த வீட்டுக்குப் போனேன். இத்தாவில் இருக்கும் அம்மா திரைக்கு அப்பாலிருந்து பேசினார். மகன் வாசற்படியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நான் சொன்னது தவறு, எனக்குத் தெரியாமல் சொன்னேன், நாளை மிம்பரிலேயே சொல்வேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அவுகளுக்கு நெஞ்சு வலின்னு எனக்குத் தெரியாதா ஹஜரத்? ரெண்டு வருசமா மாத்திர எடுத்துக் குடுத்தவ நானு. ஊரு அப்படிச் சொல்லுச்சு. நீங்களும் சொன்னீக. நான் ஒருத்தி என்னத்தச் சொல்ல?"

இதற்கு எந்தக் கிதாபிலிருந்து பதில் எடுப்பேன்?

வெள்ளிக்கிழமை மிம்பரில் அதே இடத்தில் நின்று, இரண்டு வாரத்துக்கு முன் நான் கூறியது அறிவில்லாமல் கூறியது, அதற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை, அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், அதனால் துன்பப்பட்டவர்களும் மன்னிக்கட்டும் என்றேன். முன்பு மெச்சியவர்களில் சிலர் இதை ரசிக்கவில்லை. மிம்பரின் கண்ணியம் குறைந்துவிட்டதாக நிர்வாகத்தில் ஒருவர் வருத்தப்பட்டார். அன்று அஸருக்குப் பிறகு அந்தப் பிள்ளை தன் மச்சானைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய் மனைவியை அழைத்து வந்தார். தெருவில் யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். அதுவும் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்காது.

சென்ற மாதம் ஒருவர் இஷாவுக்குப் பின் ஓடிவந்தார். மலைக்கு மேலே சிவப்பாக ஒன்று அரைமணி நேரம் அசையாமல் நின்றதாம். அன்று மாலைதான் நல்ல மழை, எனவே காட்டுத்தீ என்று சொல்வதற்கில்லை. அசையாமல் நின்றதால் ஸ்டார்லிங்க்கும் இல்லை. அந்தத் தம்பிக்குப் போன் செய்தேன். தனக்கும் புரியவில்லை என்றான். எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, எந்த முகட்டுக்கு மேலே என்று அவரிடம் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பயமாக இருந்தால் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுப் படுங்கள் என்றேன்.

"அது சரி ஹஜரத், அது என்ன வெளிச்சம்?"

"எனக்குத் தெரியாது."

"நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?" என்று அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, டீக்கடைப் பக்கம் போனார்.